மூன்று காது நேரம்

அத்தியாயம் பதினேழு

பேசாத தொலைபேசி ஒன்று பேசும் மனிதர்களை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்பதற்கு, டைம் கீப்பர் வீட்டைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இம்மாதம் பதினோராம் தேதி தொடங்கியது இந்தத் தொல்லை. கூடத்தின் மூலையிலிருந்த பழைய தொலைபேசி நாள்தோறும் ஒருமுறையாவது அடித்தது. எடுத்தால் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். "யாரு?" என்று கேட்டால் வைத்துவிடுவார்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு ஆண்கள்தாம்: டைம் கீப்பரும், இம்மாதம் முழுக்க விடுப்பிலிருக்கும் அவருடைய மருமகனும். ஆகையால் எடுத்ததும் அவர்களே, ஏமாந்ததும் அவர்களே.

டைம் கீப்பர் முப்பது ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் நின்று, ஒவ்வொரு வண்டியையும் அதற்குரிய நிமிடத்தில் வெளியே அனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரை அப்படித்தான் அழைத்தது. தாயில்லாமல் வளர்ந்த மக்கள் இருவர். மூத்தவள் பிரசவ வார்டில் நர்ஸ். கணவனுடன் தகப்பன் வீட்டிலேயே இருக்கிறாள். இளையவன், அப்பா நாலு பேர் காலைப் பிடித்து வாங்கிவந்த பணிமனை வேலையை வேண்டாமென்றான். "அப்படின்னா இந்த வீட்டுல உன் நேரம் முடிஞ்சுது" என்றார் அப்பா. கட்டின துணியோடும் மணிக்கட்டில் கட்டின கடிகாரத்தோடும் அவன் படியிறங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பின் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

நேற்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன் டைம் கீப்பர் தீர்ப்பு வழங்கிவிட்டார்.

"லைனை வெட்டச் சொல்லியாச்சு. நாளைக்கு மூணு மணிக்கு ஆள் வர்றான்."

மூத்தவள் இரவெல்லாம் புரண்டாள். விடிந்ததும், சீருடையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். கணவன் முக்காலியின் மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பணிமனையில் கழித்துப்போட்டபோது அப்பா கேட்டு வாங்கிவந்த, சிவப்பு எண்கள் எரியும் பெரிய கடிகாரம் அது.

"என்னங்க, விடிஞ்சும் விடியாததுமா முக்காலி மேல என்ன வேலை?"

"பதினோரு வருஷமாக் கை அரிச்சுது. இன்னைக்குச் சொறிஞ்சுட்டேன்" என்றான் அவன், பெருமிதத்தோடு. "ஏழு நிமிஷம் முந்திக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நொடி பிசகாது."

கடைகளிலுள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவன் உத்தியோகம். பிசகு என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்குத் தூக்கம் போய்விடும்.

"அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"ஒரு கடையில தராசு ஏழு கிராம் தள்ளி நின்னா, முதலாளியைக் கேட்டுக்கிட்டா நான் சரி பண்றேன்?"

"நடை முடிச்சு வந்து பார்த்தார்னா வீடு ரெண்டாயிடும்."

"ஆகட்டுமே. இன்னைக்குத் தேதியே ரெண்டு ரெண்டாத்தானே இருக்கு!"

இருபத்திரண்டு, இரண்டு, இருபத்திரண்டு. தலையிலிருந்து படித்தாலும் வாலிலிருந்து படித்தாலும் மாறாத தேதி. ஒரு வாரமாக வானொலியில் வேறு பேச்சில்லை.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "லைன் வெட்ட வர்ற ஆளை ஒரு வாரம் கழிச்சு வரச்சொல்லக் கூடாதாங்க? தம்பிக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா அவன் நம்மளைத் தேடிப் பிடிக்க வழியே இல்லை."

"உன் தம்பியா இருந்தா ஏன் பேசாம வைக்கணும்? இது ஏமாத்துக்காரக் கும்பல். வீட்டுல ஆள் இருக்கான்னு பார்க்கறாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் வச்சிருக்கேன். பதினொன்னு நாலு, பன்னெண்டு இருபத்தேழு, நாலு முப்பத்தேழு. ஒழுங்கோ முறையோ இருக்கா? மனுஷன் கூப்பிடற நேரமா அது?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

*

பேருந்தில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஓட்டுநருக்கு மேலே எண் கடிகாரம் ஒன்று மினுங்கியது. அவளையும் மீறி உதடுகள் அசைந்தன: "இன்னும் வரலை."

எது வரவில்லை? அது அவளும் தம்பியும் மட்டும் அறிந்த விளையாட்டு. கூடத்துக் கடிகாரத்தின் முன் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, எண்கள் கூடிவரும் வேளைக்காகக் காத்திருப்பார்கள். பதினொன்று பதினொன்று வந்தால் நாலு கொக்கு. பன்னிரண்டு முப்பத்துநாலு என்றால் படிக்கட்டு. இரண்டு இருபத்திரண்டு மூணு வாத்து. நாலு நாற்பத்துநாலு மூணு நாற்காலி. மூன்று முப்பத்துமூன்றுக்குத் தம்பி வைத்த பெயர் மூணு காது. ஏனெனில் மூன்று என்ற எண்ணைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் காதுதான் என்பான்.

யார் முதலில் பெயரைக் கத்துகிறார்களோ அவர்களுக்கு ஒரு வரம். "சொன்னா கேக்கணும்" என்பது சட்டம். அந்த நிமிடம் தாண்டிச் சொன்னால் செல்லாது. நம் மொழியில் கேட்பது என்ற ஒரு சொல்லே, வேண்டுவதற்கும் செவி கொடுப்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் பொதுவாக இருக்கிறது. தம்பி அதை வைத்தே பிழைத்தான். "நீ கேட்டே, நானும் கேட்டேன், கணக்குச் சரி" என்று கையை விரிப்பான்.

ஒருவேளை அவன்தான் என்றால், அப்படிப்பட்ட வேளையில் அல்லவா கூப்பிட்டிருப்பான்? பதினொன்று நாலு என்பது எந்தக் கொக்கு? பன்னிரண்டு இருபத்தேழு என்பது எந்தப் படிக்கட்டு? கணவன் சொன்னதில் பிழை ஏதும் காணவில்லை. அதுதான் அவளை அதிகம் அலைக்கழித்தது.

*

பிரசவ வார்டின் வாசலில் அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கணவன்மார். எல்லார் வாயிலும் ஒரே மந்திரம்: இரண்டு இருபத்திரண்டு. பிள்ளை எப்படிப் பிறக்கும் என்ற கவலையைப் பிள்ளை எப்போது பிறக்கும் என்ற கவலை விழுங்கியிருந்தது.

பதினொன்று பத்துக்குச் சட்டைப்பையில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது.

"வந்துச்சு" என்றான் கணவன். "பதினொன்னு நாலு. நான்தான் எடுத்தேன். வச்சுட்டாங்க."

"நீங்க ஏதாவது கடுகடுன்னு சொன்னீங்களா?"

"யாருன்னு கேட்டேன். அதுக்கு மேல எங்க விட்டாங்க?"

உள்ளேயிருந்து ஒரு தாய் அலறினாள். மூத்தவள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்தத் தாயின் கணவர் பெயின்ட் கடைக்காரர். விரல் நகங்களில் இன்னும் பச்சை ஒட்டியிருந்தது. அவருடைய மகள் இரண்டு பத்தொன்பதுக்கு, யாரையும் கலந்தாலோசிக்காமல், பிறந்தாள். தொண்டை கிழிய அழுத குழந்தையைத் துணியில் சுற்றி மூத்தவள் வெளியே கொண்டுவந்தபோது, தகப்பன் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்தார்.

"சிஸ்டர், மணி ரெண்டு இருபத்தொண்ணுதான் ஆகுது!"

"ஆமாம். பொறந்து ரெண்டு நிமிஷம் ஆச்சு. பொண்ணு. முழு எடை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணே நிமிஷந்தானே? ரெண்டு இருபத்திரண்டுன்னு போட்டுடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்க பொண்ணுக்குத்தான். அவ சம்பாதிச்ச முதல் சொத்தே அந்த மூணு நிமிஷம். அதை நான் எடுத்து முழுங்கவா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன் சிஸ்டர்..."

"பேச்சுக்கு வேணும்னா ரெண்டு இருபத்திரண்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கோங்க. எழுத்துக்கு ரெண்டு பத்தொன்பதுதான். அவசரப்பட்டு வந்துட்டாளேன்னு அவளைத் திரும்ப உள்ளே அனுப்ப முடியுமா? கையை நீட்டுங்க. கழுத்தைத் தாங்கிப் பிடிங்க."

பச்சை நகங்கள் குழந்தையின் கழுத்துக்கடியில் விரிந்தன. அடுத்த நொடி அவருக்கு எண் மறந்துபோயிற்று. சுவரில் இரண்டு இருபத்திரண்டு வந்ததையும் போனதையும் அவர் பார்க்கவேயில்லை.

மாலை ஆறுவரையுள்ள பணியிலிருந்து அன்று மட்டும் முன்கூட்டியே அனுமதி பெற்று, கைகழுவும் இடத்தில் நின்றபோது கைபேசி மீண்டும் அதிர்ந்தது.

"மறுபடி வந்துச்சு. சரியா ரெண்டேகாலுக்கு. இந்தத் தடவை மாமா எடுத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"அதை நீயே வந்து கேளு. சொல்லிட்டுச் சாப்பிடாம உட்கார்ந்திருக்காரு. நீ எப்ப வர்றே?"

ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

*

வீட்டு வாசலில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் கீழ்ப் படியில் லைன்மேன் உட்கார்ந்து, கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிட்டீங்களா?" மூச்சிரைத்தது அவளுக்கு.

"எங்கம்மா வெட்டறது? மூணு மணிக்கு வந்தேன். ஒரு கையெழுத்துக் கேட்டேன். சார் கடிகாரத்தைப் பார்த்தாரு. அதுலேர்ந்து உள்ளே ஒரே சண்டை. எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி."

கூடத்தில் டைம் கீப்பர் இடுப்பில் கையூன்றி நின்றார். மாப்பிள்ளை சுவரோரம், முக்காலியைக் கேடயம்போல் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான்.

"மூணு மணிக்கு வரச்சொன்ன ஆள் மூணு மணிக்கு வந்தான். நிமிர்ந்து பார்த்தா என் கடிகாரமும் மூணுன்னு காட்டுது. மூணு ஏழுன்னுல்ல காட்டணும்? அப்பவே தெரிஞ்சுபோச்சு, யாரோ கை வச்சிருக்காங்கன்னு!"

"தப்பாக் காட்டுச்சு மாமா. சரி பண்ணினேன். சரியா இருக்கறதுக்கு யாராவது கோவிப்பாங்களா?"

"தப்புன்னு யார் சொன்னது? அது வீட்டு நேரம் இல்லை மாப்பிள்ளை, நிறுத்தத்து நேரம். இங்கேர்ந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தா ஏழு நிமிஷம். இதுல எட்டுன்னு பார்த்துக் கிளம்பினா, அங்க போய் நிக்கறப்போ ஊருக்கு எட்டு. புரியுதா?"

"புரியுது. ஆனா இப்ப இந்த வீட்டுல யார் மாமா நிறுத்தத்துக்கு ஓடறாங்க? நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. நான் வண்டியில போறேன். இவ அரைமணி முன்னாலேயே போய் நிக்கற ஜாதி. அந்த ஏழு நிமிஷம் யாருக்காக?"

டைம் கீப்பர் முகத்தைக் கடிகாரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

யாருக்காக என்பது மூத்தவளுக்குத் தெரியும். ஒரு காலில் செருப்பும் கையில் மற்றொரு செருப்புமாக, தலை வாராமல், வாயில் பாதிக் கவளத்தோடு நிறுத்தத்தை நோக்கி ஓடிய ஒருவன் இந்த வீட்டில் இருந்தான். அவன் போய் ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகும், அவன் தவறவிடக்கூடாத பேருந்துக்காக அந்தக் கடிகாரம் நாள்தோறும் முந்திக்கொண்டே இருந்தது.

"பழையபடி வைங்க" என்றார் அப்பா. குரல் தணிந்திருந்தது. "வச்சாத்தான் கையெழுத்து."

"தெரிஞ்சே தப்பை வைக்க என் கை வராது மாமா. மன்னிச்சுக்கோங்க."

"நான் வைக்கறேன்" என்று மூத்தவள் முக்காலியை வாங்கினாள். கையெழுத்தைத் தள்ளிப்போட என்ன வழி என்று தவித்தவளுக்கு, முக்காலி ஏறுவதும் ஒரு வழியாகப் பட்டது. மூன்று நிமிடத்தைத் தரமாட்டேன் என்று ஒரு தகப்பனிடம் நியாயம் பேசிவிட்டு வந்தவள், ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு தகப்பனுக்கு ஏழு நிமிடத்தை அள்ளிக் கொடுக்கத் தயாராக நின்றாள்.

கடிகாரம் மூன்று பன்னிரண்டைக் காட்டியது. முதுகுப் பக்கத்துப் பித்தானை அழுத்தினாள். பதின்மூன்று.

"ஒண்ணு" என்றார் அப்பா, கீழிருந்து. பணிமனைக் குரல்.

பதினான்கு. "ரெண்டு." பதினைந்து. "மூணு." பதினாறு.

அவள் கை நின்றது.

"என்ன? நாலுதானே ஆச்சு?"

பித்தானின் மேல் விரலை வைத்தபடி, தனக்குள் வேறொரு கணக்கை முணுமுணுத்தாள். "பதினொன்னு நாலு... அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து..." முக்காலி ஆடியது. "பதினொன்னு பதினொன்னு. நாலு கொக்கு! என்னங்க, நாலு கொக்கு!"

"கொக்கா? எங்கே?" மாப்பிள்ளை சன்னலைப் பார்த்தான்.

"பன்னெண்டு இருபத்தேழுன்னு சொன்னீங்களே. ஏழைக் கூட்டுங்க!"

கூட்டச் சொன்னால் அவன் கூட்டாமல் இருக்கமாட்டான். "முப்பத்துநாலு. பன்னெண்டு முப்பத்துநாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." அவன் கண்கள் விரிந்தன. "படிப்படியா ஏறுதே."

"படிக்கட்டு. நாலு முப்பத்தேழு?"

"நாலு நாப்பத்துநாலு."

"மூணு நாற்காலி. இன்னைக்கு ரெண்டேகால்?"

"ரெண்டு இருபத்திரண்டு" என்றான் அவன். இப்போது அவன் குரலும் ஆடியது. "அட, பன்னெண்டு நாளா ஒழுங்கே இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே! சரியான கடிகாரத்தை வச்சுப் பார்த்ததுதான் தப்பா?"

"ரெண்டு பேரும் என்ன உளறறீங்க?" என்றார் டைம் கீப்பர்.

மூத்தவள் முக்காலியிலிருந்து குனிந்தாள். "அப்பா, தம்பி கையில கட்டிக்கிட்டுப் போனானே, அந்தக் கடிகாரம் இதைப் பார்த்து வச்சது. ஏழு நிமிஷம் முந்தி ஓடறது இந்த உலகத்துலேயே ரெண்டு கடிகாரந்தான். ஒண்ணு இங்கே இருக்கு. இன்னொண்ணு அவன்கிட்ட. கூப்பிடறது அவன்தாம்ப்பா."

டைம் கீப்பர் திடுக்கிடவில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொக்கும் வாத்தும் எனக்குத் தெரியாது. அவன்னு மட்டும் முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா வெட்டச் சொன்னீங்க?"

"என் குரலைக் கேட்டதும் வைக்கறான். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை. தகப்பன் குரல் காதுல விழக்கூடாதுன்னு நினைக்கறவன் எதுக்குக் கூப்பிடணும்? எத்தனை நாள் நான் எடுத்து எடுத்து அசிங்கப்படறது?"

"ரெண்டேகாலுக்கு என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "மூணு மணியோட இந்த நம்பர் கிடையாது, இனிமே கூப்பிடாதேன்னு சொன்னேன். வழக்கமா உடனே வைக்கறவன், இன்னைக்குக் கொஞ்ச நேரம் வைக்கலை."

மூத்தவள் மிச்சமிருந்த மூன்று அழுத்தையும் அழுத்தினாள். திருத்தும்போது அந்தக் கடிகாரம் ஓடாது; இடையில் மூன்று நிமிடம் ஓடியிருந்தது. மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் மூணு தடவை அழுத்து" என்றான். தப்பை வைக்கமாட்டேன் என்றவனே, தப்பைப் பிசகில்லாமல் வைத்துக் கொடுத்தான். மூன்று இருபத்திரண்டு.

"அடுத்தது எப்போ?" என்று கேட்டான்.

"மூணு முப்பத்துமூணு. மூணு காது." அவள் இறங்கினாள். "கூப்பிடுவானான்னு தெரியலை. அப்பா அப்படிச் சொன்னப்புறம்..."

வாசலிலிருந்து குரல் வந்தது. "சார், கையெழுத்து! இல்லேன்னா நான் மேலே ஏறி வெட்டிட்டுப் போறேன், நீங்க அப்புறம் போடுங்க."

டைம் கீப்பர் எழுந்து வாசலுக்குப் போனார். தம் பணிக்காலத்தில் யாருக்காகவும் எந்த வண்டியையும் அரை நிமிடம் நிறுத்தாதவர், ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பன்னெண்டு நிமிஷம் நிறுத்தி வைப்பா."

லைன்மேன் அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க டிப்போ டைம் கீப்பர்தானே? அதான் முகம் பார்த்த மாதிரி இருந்துச்சு. என் முதல் நாள் வேலைக்கு ஓடி வர்றேன், ஓடி வர்றேன், கை நீட்டறேன். நீங்க விசில் ஊதி வண்டியை விட்டுட்டீங்க. வேகாத வெயில்ல நடந்தே போனேன்."

"லேட்டா வந்திருப்பே."

"நாலு எட்டு தூரம், சார். நாலே எட்டு."

டைம் கீப்பர் தலைகுனிந்தார். "அன்னைக்கு நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

லைன்மேன் கொஞ்ச நேரம் தேநீர்க் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஏணிப் படியில் மறுபடியும் உட்கார்ந்தார். "இன்னொரு டீ வருமா?"

*

மூன்று முப்பத்திரண்டு.

மூத்தவள் தொலைபேசியின் அருகே மண்டியிட்டிருந்தாள். அப்பா கடிகாரத்தையே பார்த்தார். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்பு எண் மாறியது. மூன்று முப்பத்துமூன்று. மூன்று காதுகள், வரிசையாக.

தொலைபேசி அடிக்கவில்லை.

ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதை, ஆயிரக்கணக்கான வண்டிகளை நிமிடம் பார்த்து அனுப்பியவர் அன்றுதான் அறிந்தார். மூத்தவள் ரிசீவரின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

எண் மாறியது. மூன்று முப்பத்துநாலு.

வாசலில் ஏணி நகர்த்தப்படும் ஓசை கேட்டது. "சார், நேரமாயிடுச்சே?"

டைம் கீப்பர் எழுந்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

தொலைபேசி அடித்தது.

முதல் மணி முடியுமுன் மூத்தவள் எடுத்துவிட்டாள். "நான்தான். அக்கா பேசறேன். வைக்காதே, டேய், வைக்காதே!"

மூச்சு. பிறகு, அவள் சற்றும் எதிர்பாராத மெல்லிய குரல்.

"அத்தையா?"

அப்பா ஒரு பக்கமும் மாப்பிள்ளை மறுபக்கமும் நெருங்கி, ஒரே ரிசீவரில் தலை முட்டக் குனிந்தார்கள். மூன்று காதுகளும் ஒன்றாயின.

"நீ... நீ யாரு கண்ணு?"

"நான் அப்பாவோட பொண்ணு. ஏழு வயசு. கால்ல மாவுக்கட்டு போட்டிருக்கு, அதான் ஸ்கூல் இல்லை. அத்தை எடுத்தாத்தான் பேசணும். ஆனா எப்பவும் ஆம்பளைக் குரலா வருது, எனக்குப் பயமாயிடும், வச்சிடுவேன்." குழந்தை மூக்கை உறிஞ்சியது. "மூணு மணிக்கு வெட்டிடுவாங்கன்னு ஒரு தாத்தா சொன்னாங்க. வெட்டின போன் அடிக்குமா அடிக்காதான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள மூணு காது முடிஞ்சு போச்சு. முடிஞ்சப்புறம் கேட்டா செல்லாதுதானே, அத்தை?"

எழுத்துக்கு ஒரு நேரம், பேச்சுக்கு ஒரு நேரம் என்று மதியம் தீர்ப்புச் சொன்னவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"செல்லும். என் தங்கமே, செல்லும். என்ன வேணும், கேளு."

டைம் கீப்பரின் கை மகளின் தோளை இறுகப் பிடித்தது. அவர் சத்தமில்லாமல் வாயசைத்தார்: அப்பாகிட்ட குடுக்கச் சொல்லு.

அவள் சொல்வதற்குள் குழந்தை தன் வரத்தைக் கேட்டுவிட்டது.

"அப்பாவை அனுப்பிடுங்க, அத்தை. தாத்தாவைப் பார்க்கப் போறேன்னு பஸ் ஏறினாரு. போறதுக்கு முன்னாடி அவர் வாட்சைக் கழட்டி எனக்குக் கட்டிவிட்டாரு. இதுல கொக்கு வந்ததும் கூப்பிடு, நான் அங்கே இருப்பேன், அத்தைதான் எடுப்பாங்கன்னு சொன்னாரு. அவர் போன மறுநாள் நாலு கொக்குலேர்ந்து கூப்பிடறேன். அம்மா தினமும் அழறாங்க. அப்பா அங்கேதானே இருக்காரு?"

மூத்தவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

எந்த ஊரிலிருந்து கிளம்பும் வண்டி எத்தனை மணிக்கு எங்கே வந்து நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், பத்தாம் தேதி கிளம்பிய ஒருவன் இருபத்திரண்டாம் தேதிவரை ஏன் வந்து சேரவில்லை என்பதற்கு விடை தேடுவதுபோல, ஏழு நிமிடம் முந்தி எரியும் அந்தச் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தை?" என்றது ரிசீவர். "கேக்குதா?"